பிள்ளைக்காம்பரா ஆயம்மா மலையேறுகிறார்: காவிய மாயப்புனைவில் எதிர்பாராத நாயகரை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நாங்கள் சிலர் சனிக்கிழமைகளில் கூடிக் கதை வாசிக்கிறோம். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் எழுதிக் கொண்டுவரும் மாயப்புனைவுகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன. ஓர் ஏழைப் பையன் விறகு பொறுக்குகிறான். மூன்றாம் பக்கத்தில் தாடி வைத்த கிழவர் ஒருவர் வந்து அவன் தோளிலுள்ள மச்சத்தைப் பார்த்துத் திடுக்கிடுகிறார். அவன் காணாமற்போன இளவரசன் என்பது நடுப்பகுதியில் தெரிந்துவிடும். கடைசிப் பக்கத்தில் முடிசூட்டு விழா.

வாசித்து முடித்ததும் நான் கேட்பது ஒன்றுதான். "சரி, அந்த விறகு பொறுக்கிய பையன் எங்கே போனான்?"

பதில் வராது. ஏனென்றால் அவனை எழுதியவரே கொன்றுவிட்டார். அரச இரத்தம் ஓடுகிறவன் அரக்கனை வெல்வதில் என்ன ஆச்சரியம்? அது குடும்பச் சொத்து. எதிர்பாராத நாயகர் கடைசி வரி வரைக்கும் எதிர்பாராதவராகவே இருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு பிடிவாதத்திலிருந்து பிறந்தவை. வெறுமனே விதி சொல்லிக்கொண்டு போனால் நிற்காது என்பதால், ஒரே கதையை உங்களோடு சேர்ந்து முதலிலிருந்து கட்டிப் பார்க்கிறேன்.

முதற்படி: ஆளுக்கு முன் வேலை

கதாபாத்திரத்தின் பெயரும் கண்ணின் நிறமும் பிறகு இருக்கட்டும். காலை ஆறரை மணிக்கு அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று முதலில் எழுதுங்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் பஞ்சமே இல்லை. கவ்வாத்து வெட்டுகிறவருக்கு, அதாவது தேயிலைச் செடியை நறுக்கிவிடுகிறவருக்கு, செடி சாகாமல் எந்த இடத்தில் வெட்டுவது என்று தெரியும். ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், இரவு வேலை பார்ப்பவர் வாடிய கொழுந்தை உள்ளங்கையில் ஒருமுறை பிசைந்து பார்த்துப் பதம் சொல்லிவிடுவார். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தில் வருடக்கணக்காக நின்றவருக்குக் கூடை தராசில் ஏறுமுன்பே எடை தெரிந்துவிடும். வெளியாள் கண்ணுக்கு இவையெல்லாம் வெறும் கூலி வேலை. கதைக்காரர் கண்ணுக்கு இவை மந்திரத்துக்கு ஒரு படி கீழே நிற்கும் திறமைகள்.

நான் எடுத்துக்கொள்வது பிள்ளைக்காம்பரா ஆயம்மாவை, அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில் பிள்ளை பார்ப்பவரை. பெயர் காத்தாயி. வயது 58. எழுத்து வாசனை கிடையாது. தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனபின் கைக்குழந்தைகளை ஏணைகளில் போட்டு ஆட்டுவது அவர் வேலை. முப்பது வருடமாக இதையே செய்கிறார். அழுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பிள்ளை, பசியா வயிற்றுவலியா என்று முதுகைத் திருப்பாமலே சொல்லுவார். தான் ஆட்டிய பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரும் அவருக்கு மனப்பாடம்.

கதை முடிவில் அவரைக் காப்பாற்றப்போவது இந்தத் திறமைதான். நடுவில் யாரும் அவருக்கு வாள் பயிற்சி கொடுக்கக் கூடாது. எழுதப் படிக்கவும் கற்றுத்தரக் கூடாது. முதற்பக்கத்தில் கையில் என்ன இருந்ததோ அதையே கடைசிப் பக்கத்தில் ஆயுதமாக்குங்கள்.

இரண்டாம்படி: அச்சத்துக்குப் பட்டியல் போடுங்கள்

துணிச்சலை எழுத விரும்புகிறவர் முதலில் பயத்தை எழுதப் பழக வேண்டும். இதற்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை விடக் கைக்கடக்கமான கருவி எனக்குக் கிடைக்கவில்லை. அச்சம் நான்கு இடத்திலிருந்து பிறக்கிறது என்கிறது அது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நான்காவதைக் கவனியுங்கள். பகை அரசன் என்று சொல்லவில்லை. தம் இறை, தன்னை ஆள்கிறவன். இதே இயலில் வீரத்துக்குப் பெருமிதம் என்று பெயர். அதற்கும் நான்கு ஊற்றுகள்: கல்வி, தறுகண், இசைமை எனும் புகழ், கொடை. அஞ்சாமை எனப்படும் தறுகண் அதில் கால் பங்குதான். கொடுப்பதும் பெருமிதம், தெரிந்துவைத்திருப்பதும் பெருமிதம். காத்தாயிக்கு இது போதும்.

ஒரு தாளை நான்காக மடித்து, நாயகருடைய பயங்களை இந்த நான்கு தலைப்பிலும் எழுதுங்கள். காத்தாயியின் தாள் இப்படி இருக்கிறது. அணங்கு: காட்டுத் தொங்கலில் நிற்கும் முனி. விலங்கு: தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு நாய் பிடிக்க இறங்கும் சிறுத்தை. கள்வர்: பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சோடித் தோட்டைத் தவிர. இறை: தோட்டத்துரையின் பங்களாவிலிருந்து வரும் கடிதம். வாசிக்கத் தெரியாதவருக்குக் கடிதத்தை விடப் பயங்கரம் வேறென்ன?

பிறகு நான்கையும் வரிசைப்படுத்துங்கள். இளையவர்கள் எப்போதும் விலங்கை முதலில் வைப்பார்கள், பறக்கும் நாகம் வந்துவிடும். என் அனுபவம் வேறு. பன்னிரண்டு வயதில் அம்மாவோடு கொழுந்து மடுவத்தில் நின்றிருந்தேன். மழைநாள். கொழுந்தில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லித் தராசில் நின்ற எடையிலிருந்து நான்கு கிலோ கழித்தார்கள். நான்கு அதிகம் என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். நான் வகுப்பில் கணக்கில் முதல் மாணவன். வாயைத் திறக்கவில்லை. அதற்கு முதல் வாரம்தான் சாரைப்பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டியவன் நான். பாம்பு விலங்கு, தராசு இறை. இரண்டுக்கும் வேறு வேறு துணிச்சல் வேண்டும். உங்கள் நாயகரிடம் எது இல்லையோ அதைத்தான் கதை கேட்க வேண்டும்.

இன்னொன்று. "நெஞ்சு படபடத்தது" என்று எழுதாதீர்கள். எல்லாருடைய நெஞ்சும் படபடக்கும். காத்தாயி பயந்தால் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டுவார். இரண்டு இடத்தில் இதைக் காட்டிவிட்டால் மூன்றாவது தடவை கை தலைக்குப் போகும்போதே வாசகருக்கு வயிற்றைப் பிசையும்.

மூன்றாம்படி: உலகத்தைப் பக்கவாட்டில் வரையுங்கள்

மாயப்புனைவு எழுதுகிறவர்கள் முதலில் வரைபடம் போடுவார்கள். மேலிருந்து பார்த்த வரைபடம்: இங்கே கடல், அங்கே பாலைவனம். மலைநாட்டுக்காரருக்கு அது ஒத்துவராது. நம்முடைய ஊரில் தூரத்தை விட உயரம் முக்கியம். நுவரெலியா 1,868 மீற்றர், பட்டிப்பொல ரயில் நிலையம் 1,898 மீற்றர், பிதுருதலாகலை 2,524 மீற்றர் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். ஆனால் யார் மேலே இருக்கிறார், யார் கீழே இருக்கிறார் என்பதைப் பிறந்த நாளிலிருந்தே படித்திருக்கிறோம். லயத்து இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில், நின்றால் பங்களாவை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஆகவே மலையைக் கத்தியால் வெட்டினாற்போல் ஒரு குறுக்குவெட்டுப் படம் போடுங்கள். மூடுபனி எத்தனை மணிக்கு எந்த வரிக்கு இறங்குகிறது என்று அதில் குறியுங்கள்.

தண்ணீருக்கு அடியிலும் ஓர் ஊரை வைக்கலாம். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிக் கிடக்கிறது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயில் வெளியே வருகிறது. இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறீர்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

தெய்வங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடல் தாண்டி வந்த நம் முன்னோர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் கையோடு கொண்டுவந்தார்கள். வந்த இடத்தில் தேயிலை ஸ்டோரின் பெரிய சக்கரத்தைக் கண்டார்கள். கையைக் கொடுத்தால் கையை எடுக்கும். அதற்கு ரோதைமுனி என்று ஒரு சாமியை வைத்தார்கள். கவ்வாத்துக்கு ஒரு கவ்வாத்துச் சாமி. புது உலகத்தில் சாமி எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை: எது ஆளைக் கொல்லக்கூடியதோ அதற்கு ஒரு படையல். உங்கள் உலகத்தில் மக்கள் எதற்குப் பயந்து சேவல் அறுக்கிறார்கள் என்று யோசித்தால் தெய்வங்கள் தாமாக வரிசையில் வந்து நிற்கும். எங்கிருந்தோ கடன் வாங்கிய இடிக்கடவுள் தேவைப்படாது.

நான்காம்படி: எதிரிக்குக் கொம்பு வைக்காதீர்கள்

தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, அப்பா அம்மா வைத்தது. மற்றது, ஒரு நாள் கூலி. சொன்ன எடைக்குக் கொழுந்து பறித்தால் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர். வருடக்கணக்காகக் காதில் விழுந்த இந்தச் சொல்தான் எனக்கு எதிரியைக் கொண்டுவந்து தந்தது.

காத்தாயியின் நாட்டை ஆள்பவர் ஏட்டுத்துரை. மலையுச்சிப் பங்களாவில் ஒரு பெரிய பேரேடு வைத்திருக்கிறார். அதில் ஒரு பெயரைக் கோடு போட்டு அடித்தால், அன்று மாலை மூடுபனி இறங்கி அந்த ஆளை எடுத்துக்கொள்ளும். உடம்பை எடுக்காது. மற்றவர்களின் நினைவிலிருந்து எடுக்கும். அந்த மனிதர் லயத்தில்தான் இருப்பார். யாருக்கும் அவரைத் தெரியாது.

இதற்கு எங்கே போய் ஆராய்ச்சி செய்தேன் என்று கேட்பவர்கள் நம் தாத்தாக்களின் தகரப்பெட்டியைத் திறந்து பார்க்கலாம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தது. எல்லாம் முழு எண்கள். அந்தத் தாளில் எவருக்கும் பெயர் இல்லை. இதைச் செய்தவர்களுக்குக் கோரைப் பல் இருக்கவில்லை. மை ஊற்றிய பேனா இருந்தது.

எனவே ஏட்டுத்துரை மரியாதையானவர். குரலை உயர்த்தமாட்டார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கூண்டில் ஒரு மைனா வளர்க்கிறார். ஒரேயொரு எச்சரிக்கை: கதையில் வருகிற ஒவ்வொன்றுக்கும் வரலாற்றில் ஒரு சோடி தேடாதீர்கள். மைனா எந்தக் கட்சி என்று வாசகர் யோசிக்கத் தொடங்கினால் கதை அங்கேயே செத்துவிடும்.

ஐந்தாம்படி: கிளம்புவதற்குச் சின்னக் காரணம் போதும்

உலகத்தைக் காப்பாற்றவென்று யாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுவதில்லை. ஒரு மாலை, சரசு என்ற பெண் பிள்ளைக்காம்பராவுக்கு வருகிறாள். அவளுடைய மூன்று வயது மகன் ஓடிப்போய் அவள் இடுப்பில் சுற்றிய படங்குத் துணியைப் பிடிக்கிறான். அவள் குனிந்து, அந்நியப் பிள்ளையிடம் காட்டும் கனிவோடு அவன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்கிறாள். நிமிர்ந்து, "இது யார் பிள்ளை, ஆயம்மா?" என்று கேட்கிறாள்.

அவ்வளவுதான். காத்தாயி மறுநாள் கிளம்பிவிடுவார். முன்னறிவிப்பு, ஆகாயவாணி, பழஞ்சுவடி எதுவும் வேண்டாம்.

ஆறாம்படி: வழியும் துணையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்மவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்தார்கள். அந்த நடையின் நினைவாக 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. தார் வீதியும் தண்ணீர்ப் போத்தலும் இருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்தது. நாயகரை மூன்று நாளில் கண்டம் தாண்டவைக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட்டார், கால் எங்கே வெடித்தது, அட்டைக்கு எதைத் தேய்த்தார் என்பதெல்லாம் கதைதான். காத்தாயியின் முடிச்சில் நான்கு ரொட்டி, ஒரு பொட்டலம் உப்பு. உப்பு அட்டைக்கும் ஆகும், ரொட்டிக்கும் ஆகும்.

துணையில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். காத்தாயிக்குத் துணையாக வருகிறவன் மாசி மாதக் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டும் இளைஞன். கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மன்மதன் எரிந்தபின் ரதி அழும் அழுகையில் கூட்டம் முழுக்க அழும். மறுநாள் காலை அதே ரதி முகத்தில் அரிதாரம் சரியாகப் போகாமல் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நிற்பான், கங்காணியிடம் ஏச்சு வாங்குவான். அவனுக்கு வேறொருவராக மாறத் தெரியும். அது ஒரு திறமை. அவனுக்குப் பாதியில் திரும்பிப் போகும் உரிமையையும் கொடுங்கள். விட்டுப் போகமுடியாத துணை வெறும் மூட்டைதான்.

இந்த வகை எழுத்தின் பெரிய கிழவரான டோல்கின் 1916 இல், முதலாம் உலகப் போரின் சோம் போர்க்களத்தில் சமிக்ஞை அதிகாரியாக இருந்தவர். 1954–55 இல் வெளிவந்த அவருடைய மோதிரக் கதையான 'தி லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' இல், எஜமானை முதுகில் சுமந்து எரிமலை ஏறுகிறவன் ஒரு தோட்டக்காரன். இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். கொழும்புக் கடைகளில் 'தோட்டக்காட்டான்' என்ற ஏளனத்தைக் கேட்டுப் பழகிய காதுகள் அவை.

ஏழாம்படி: துணியும் கணத்தை இழுத்து எழுதுங்கள்

எனக்கு ஒன்பது வயது, பள்ளி விடுமுறை. அம்மாயிக்குச் சாயத்தண்ணீர் கொண்டு மலைக்குப் போயிருந்தேன். யாருடைய கை பட்டதோ, தேயிலைக்குள் இருந்த குளவிக்கூடு கலைந்துவிட்டது. பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அம்மாயிதான் முதலில் ஓடினார். பல்லி சொன்னாலே "ராமா" என்று எழுந்து உட்காருகிறவர் அவர். ரோட்டில் நின்று எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள் குறைந்தது. பக்கத்து நிரையில் நின்றவளின் படங்கு வாதில் மாட்டி, அவள் விழுந்து கிடந்தாள்.

அம்மாயி ரோட்டோரத்தில் நின்றார். ஒரு அடி முன்னே வைத்தார், பின்னே எடுத்தார். இடுப்புப் படங்கை அவிழ்த்தார். மறுபடி கட்டப் பார்த்தார். பிறகு நான் அதுவரை அவர் வாயிலிருந்து கேட்டிராத ஒரு கெட்ட வார்த்தையை யாரையும் நோக்காமல் சொல்லிவிட்டு, படங்கைத் தலையில் போர்த்துக்கொண்டு தேயிலைக்கு அடியால் தவழ்ந்து போனார். ஓடவில்லை, கத்தவில்லை. அவளைக் காலைப் பிடித்துத்தான் இழுத்து வந்தார், அரிசி மூட்டையை இழுப்பது மாதிரி.

முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிவிட்டன. அந்த முகத்தோடு அவர் கேட்ட முதற்கேள்வி: "என் கூடை எங்கே?" கொழுந்தெல்லாம் கொட்டிப் போயிருந்தது. அன்றைக்கு அவருக்கு அரைப் பேர்தான். அதன்பிறகு மாதக்கணக்கில், வண்டு பறந்தாலும் அலறுவார்.

துணிச்சலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கால் மணிநேரம்தான். எழுதும்போது அதிலிருந்து மூன்று இடங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, ரோட்டோரத்தில் நின்ற நேரம். செயலுக்கு இரண்டு வரி போதும், அந்தத் தயக்கத்துக்கு ஒரு பக்கம் கொடுங்கள். இரண்டு, கூடை, பெரிய காரியத்தைச் செய்து முடித்தவரின் மனம் உடனே சின்னக் கவலைக்குத் திரும்பும். மூன்று, வண்டு. ஒருமுறை துணிந்தவர் அதோடு வீரராகிவிடுவதில்லை. அடுத்த தடவைக்கும் பயம் முழுசாகவே மிச்சமிருக்கும்.

காத்தாயி பங்களா வாசற்படியில் நிற்கும் காட்சியை நான் இப்படித்தான் எழுதினேன். மொத்தம் ஏழு படிகள். நான்காவது படியில் தலைத்துண்டை அவிழ்க்கிறார். மூன்று பக்கம் கழித்துத்தான் ஐந்தாவது படி வருகிறது.

எட்டாம்படி: கடைசி அடியில் தவறவிடுங்கள்

டோல்கினின் கதையில் மோதிரத்தைச் சுமந்து வந்தவன் கடைசி நொடியில் அதை நெருப்பில் போட மறுக்கிறான். அது எப்படியோ விழுகிறது, அவன் போடவில்லை. முதல் தடவை வாசித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவனுடைய சக்தி எங்கே தீர்ந்தது என்பதை எழுத்தாளர் மறைக்கவில்லை என்று பிறகுதான் விளங்கியது. எதிர்பாராத நாயகரின் பலம் அளவானது. அந்த அளவு தீருமிடத்தைக் காட்டாவிட்டால், வேறு வழியில் அவரை இளவரசராக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

காத்தாயி ஏட்டுத்துரையின் முன்னால் நின்று, அடிக்கப்பட்ட பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். வெறும் பெயராகச் சொல்லத் தெரியாது அவருக்கு. "மேட்டு லயத்து ராமாயி, இடப்பக்கம் படுத்தால்தான் தூங்குவாள். செல்லமுத்து, ஓமத்தண்ணீர் கொடுத்தால் துப்புவான்." சொல்லச் சொல்லப் பேரேட்டில் கோடுகள் மறைகின்றன. ஆனால் கடைசிப் பெயர் ஒன்று வரவில்லை. முகம் தெரிகிறது, அழுகை கேட்கிறது, பெயர் வரவில்லை. மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வரத் தொடங்குகிறது.

அப்போது கதவோரத்தில் தேநீர்த் தட்டோடு நிற்கும் பங்களா அப்பு (துரை வீட்டு வேலைக்காரரை அப்படித்தான் அழைப்பார்கள்), கதை முழுக்கத் துரையின் ஆளாக வந்து போனவர், மெதுவாக ஒரு பெயரைச் சொல்கிறார். அது அவருடைய பெயர். அவரும் அந்தப் பிள்ளைக்காம்பராவில் ஏணையில் கிடந்தவர்தான்.

உதவி யாரிடமிருந்து வரும் என்பதைக் கதையின் நடுப்பகுதியிலேயே விதைத்துவிடுங்கள், ஆனால் தெரியாத மாதிரி. அப்பு பிள்ளைக்காம்பராவைத் தாண்டும் போதெல்லாம் நடையை மெதுவாக்குவார் என்று நான் இரண்டு இடத்தில் எழுதிவைத்தேன்.

ஒன்பதாம்படி: திரும்பி வந்தபின்

சுருக்கமாக முடியுங்கள். விழா வேண்டாம். காத்தாயி மறுநாள் காலை பிள்ளைக்காம்பராவைத் திறக்கிறார். வேலைக்கு வராத நாட்களுக்குக் கூலி வெட்டியிருக்கிறார்கள்.

பிறகு எழுதியதை உரக்க வாசித்துக் காட்டுங்கள். மாயப்புனைவில் ஊறியவர் வேண்டாம்; அவர் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவார். அடுப்பில் சோறு வைத்திருக்கும் ஒருவருக்கு வாசியுங்கள். அவர் எழுந்து சோற்றைப் பார்க்கப் போகும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். நான் பெரியம்மாவுக்கு வாசித்தேன். நாட்டின் பழைய வரலாறு வரும் ஆறு பக்கத்தில் அவர் மூன்று தடவை எழுந்து போனார்; ஆறையும் அரைப் பக்கமாக்கினேன். ஏட்டுத்துரை வந்ததும் அகப்பையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அத்தியாயம் முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"அந்தத் துரை கொழுந்துக்குத் தண்ணீர் கழிப்பாரா?" என்று கேட்டார்.

அதை நான் எழுதியிருக்கவில்லை. அன்றிரவே கொழுந்து மடுவத்துக் காட்சி ஒன்றைச் சேர்த்தேன். மழைநாள், நான்கு கிலோ, தாயின் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நிற்கும் ஒரு பையன்.